வராததற்குக் காரணம்

எங்கள் கண் கிளினிக்குக்கு வருவோருக்கு நினைவூட்டல் மின்னஞ்சலைத் தானாக அனுப்பும் செயலியைச் செய்தவன் நான்தான். மூன்று முறை வராதவரின் பெயரை அதுவே வெட்டிவிடும். மின்னஞ்சல் முகவரி கொடுக்காமல் யாரையும் பதியவும் விடாது. பூநகரிச் சனத்துக்கு ஏது மின்னஞ்சல்? எல்லாருக்கும் என்னுடைய முகவரியையே போட்டேன். நினைவூட்டல் வர வர ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துச் சொல்லலாம் என்று ஒரு விசர் நம்பிக்கை.

ஒரு காலை அத்தனை நினைவூட்டலும் எனக்கே வந்து குவிந்தன. போன் எடுத்தே தொண்டை வறண்டது. ஒரு அம்மா ஏற்கெனவே இரண்டு முறை வரவில்லை. நாளையும் வராவிட்டால் பெயர் போய்விடும். அவவின் போனோ வேலை செய்யவில்லை. மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு பூநகரிக்கு ஓடினேன்.

"ரெண்டு தரமும் மறந்திட்டீங்களோ அம்மா?" வாசலிலேயே கத்திவிட்டேன்.

அவ உள்ளே போய்க் கலண்டரைக் கொண்டுவந்து காட்டினா. மூன்று நாளையும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தா.

"மறக்கேல்லை தம்பி. ரெண்டு நாளும் விடிய வெள்ளன றோட்டில நிண்டனான். பஸ் வரேல்லை."

அந்த இரண்டு நாளுக்கும் வராத காரணம் 'மறதி' என்று செயலி பதிந்திருந்தது. வேறெந்தக் காரணத்தையும் நான் அதில் எழுதிவைக்கவே இல்லை.