கையை எடுக்கிற இடம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டு போனவர். வீட்டில் இருந்த நாளைவிடக் கடலில் இருந்த நாள்தான் அதிகம். அதனால் வளர்த்தேன் என்று நான் சொன்னால் அது நான் ஒருத்தி வளர்த்தது. நான்கு பேரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது மூன்றாவது பிறந்தவனைப் பற்றி.

அவன் சென்னையில் டிரம்ஸ் வாசிக்கிறான். இந்தத் தெருவில் இத்தனை வருடமாக நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பையனாக இருக்கும்போது எங்கள் மாதா கோவில் பாடல் குழுவில்தான் வாசிக்கத் தொடங்கினான். அவனுக்குக் கையில் வேகம் உண்டு, நிதானம் கிடையாது. பாட்டு தொடங்கும்போது மெதுவாக இருக்கும், முடியும்போது எல்லாரும் மூச்சு வாங்குவார்கள். கிட்டார் வாசித்த வாத்தியார் பூசை நடுவிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏலே, பஸ்ஸு புடிக்கவா போற? புடிச்சு அடில" என்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். பிள்ளை துடியானவன் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு மூன்று பையன்களோடு ராக் பேண்டு என்று சென்னைக்குப் போனான். பேண்டு ஒரு வருடத்தில் பிரிந்துவிட்டது. மற்ற மூன்று பேரும் திரும்பி வந்து துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸ், உரக் கம்பெனி என்று வேலைக்குப் போனார்கள். இவன் மட்டும் வரவில்லை. செஷன் டிரம்மர் ஆகிவிட்டேன் என்று போனில் சொன்னான்.

அது என்ன என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னான். ஸ்டுடியோவில் கூப்பிடுவார்கள், போக வேண்டும். கண்ணாடி அறை, ஏசிக் குளிர். காதில் ஹெட்போன். அதில் டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும், அதைவிட்டு முன்னாலும் போகக் கூடாது, பின்னாலும் போகக் கூடாது. பாட்டுக்காரர் யாரென்று பல நேரம் கண்ணால் பார்க்கவே முடியாது. வாசித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். பாட்டு எங்கெங்கோ ஓடும்.

"பேர் போடுவாங்களால?"

"எங்க பேரெல்லாம் போட மாட்டாங்கம்மா. கைய வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

அந்தக் கையையும் அவனே எனக்குச் சொல்லிக் கொடுத்தான். ஒரு பாட்டை அனுப்பி, போனிலேயே கூட இருந்து கேட்க வைத்தான். "பாட்டு ஏறப் போகுதுல்லா, அந்த இடத்துல எல்லாவனும் தடதடன்னு உருட்டுவான். நான் உருட்ட மாட்டேன். கைய எடுத்துருவேன். ஒரு மூச்சு சும்மா கிடக்கும். அதுக்கப்புறம் விழும் பாரு." கேட்டேன். விழுந்தது. நெஞ்சுக்குள் விழுந்தது. "இன்னொண்ணு, இடது கை. பெரிய அடிக்கு நடுவுல தூத்தல் மாதிரி சின்னச் சின்னதாத் தட்டிக்கிட்டே இருக்கும். கேக்குதா?"

கேட்டது. அன்றிலிருந்து நான் பாட்டில் வரிகளைக் கேட்பதை விட்டுவிட்டேன். டிரம்ஸ் மட்டும்தான் காதில் விழும். கதவை உடைக்கிறவன் மாதிரி அடிக்கிற ஒருவன் இருக்கிறான். வரிக்கு வரி பித்தளைத் தட்டை அடித்து முடிக்கிற ஒருவன் இருக்கிறான், கேட்கிறவனை நம்பாதவன். இன்னொருவன் எல்லாரும் உட்கார்ந்தபிறகு மெதுவாக வந்து உட்காருகிற மாப்பிள்ளை மாதிரி அரை நொடி தாமதமாகவே வருவான், அதுவும் ஒரு அழகுதான். ஆனால் பாட்டு ஏறுகிற இடத்தில் கையை எடுக்கிறவன் ஒருவன்தான். மினிபஸ்ஸில் அந்தப் பாட்டு வந்தால் கண்டக்டரிடம், "அய்யா, சத்தம் கொஞ்சம் கூட வைங்க, என் மவன் வாசிக்கான்" என்பேன். பக்கத்து வீட்டுக்காரி ரேடியோவைச் சன்னலில் தூக்கி வைத்து, "ஏளா, ஒம் மவன் வாரான்" என்று கத்துவாள்.

கோவிலில் ஓடினவனா இவ்வளவு பொறுமையாகக் கையைத் தூக்கி நிற்கிறான் என்று ஒரு தடவை தோன்றியது. சென்னை திருத்தியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மணிக்கட்டு வலிக்கிறது என்றான். வாசிக்கிறவர்களுக்கு அது வருமாம். வேப்பெண்ணெயும் நொச்சியும் போட்டு நானே தைலம் காய்ச்சி, பார்சலில் அனுப்பினேன். தீரத் தீர அனுப்பினேன். மாதாவுக்கு மெழுகுதிரியும் அந்த மணிக்கட்டுக்காகத்தான் ஏற்றினேன்.

போன வருடம் அவன் வேலை செய்கிற பேண்டு இங்கே ஊருக்கு வந்து ஒரு மைதானத்தில் வாசிப்பதாக இருந்தது. காலையில் வீட்டுக்கு வந்து டீ குடித்தான். "நீ வராதம்மா. ஸ்பீக்கர் சத்தத்துல ஒனக்குக் காது அடைச்சுரும்" என்றான். சரி என்றேன். அவன் போனதும் சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன். என்னோடு இருக்கிற மூத்த மகள் வாசலில் நின்று மறித்தாள்.

"யாராவது பயல்ட்ட குடுத்து விடுவோம்மா. ஒனக்கு எதுக்கு இந்த வெயில்ல?"

"ஏன், நான் போனா என்ன? எம் மவன்தான வாசிக்கான்?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஆட்டோ பிடித்துப் போனேன்.

கேட்டுக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது. இன்னும் ஆள் யாரும் வரவில்லை, சும்மா சரிபார்க்க வாசிக்கிறார்கள். பாட்டு ஏறுகிற இடம் வந்தது. கை எழும்பியது. ஒரு மூச்சு. விழுந்தது. நான் கேட்டில் இருந்த காவல்காரரிடம் தூக்குவாளியைக் காட்டி, "அண்ணாச்சி, அந்தா வாசிக்கானே, அவன் எம் பிள்ளை" என்றேன். அவர் வழி விட்டார்.

மேடைக்குக் கிட்டே போனேன். டிரம்ஸுக்குப் பின்னால் வேறு ஒருவன் உட்கார்ந்திருந்தான். தாடி வைத்த, ஒல்லியான ஆள். அவன் இடது கை தூத்தல் போட்டுக்கொண்டிருந்தது. என் மகன் மேடையில் முழங்காலிட்டு, டிரம்ஸைத் தாங்குகிற ஒரு கம்பியின் அடியில் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான்.

இன்னும் இவன் முறை வரவில்லை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். பாட்டு திரும்பவும் அந்த இடத்துக்கு வந்தது. தாடிக்காரன் கையை எடுத்தான். அந்த ஒரு மூச்சு நேரத்தில் என் மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அடி விழுந்தது.

வாசிப்பை நிறுத்திவிட்டு அந்த ஆள் இறங்கி வந்தான். "அண்ணே, அம்மாவா?" என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, இவர் இல்லேன்னா நான் உட்காரவே மாட்டேன். பத்து வருஷமா இவர்தான் எனக்கு எல்லாம். தோல் மாத்துறது, சுதி வைக்கிறது, வண்டில ஏத்துறது, எதையும் நான் தொடுறதில்ல." பிறகு மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான். "உங்க தைலத்துலதாம்மா இது ஓடுது."

தைலத்தின் வாசனை அவன் கையிலிருந்து வந்தது.

அந்தத் தாடிக்காரன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. அங்கேயே நிழலில் இலை போட்டு இரண்டு பேருக்கும் பரிமாறினேன். அவன் இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கினான். என் மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன்.

"ஒனக்குத் தெரியுமாளா?"

"எல்லாருக்கும் தெரியும்மா. நீ சந்தோஷமா இருக்க, இருந்துட்டுப் போட்டுமேன்னு விட்டுட்டோம்."

எல்லாரும் என்றால் ஐந்து பேரும். நான் பெற்று, ஒரு ஆளாக நின்று வளர்த்த ஐந்து பேரும் என்னைப் பிள்ளையாட்டம் உட்கார வைத்து விளையாடியிருக்கிறார்கள். நான் ரேடியோவைத் திருகும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

மறுநாள் காலையில் சென்னைக்குக் கிளம்புமுன் என் மகன் வந்தான். குசினியில் அடுப்படிச் சுவரோரமாக நின்றான்.

"ரெண்டு பாட்டுக்கு வாசிச்சேன்மா. அப்புறம் யாரும் கூப்பிடல. நான் வாசிச்சா வேகம் கூடிப் பாட்டு ஓடுதுன்னுட்டாங்க."

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லால?"

"அந்தப் பாட்டுக்கு ஸ்டுடியோல இருந்தேன்னுதான் முதல்ல சொன்னேன். நீதான் வாசிச்சேன்னு நினைச்சுக்கிட்ட. தெருவெல்லாம் சொல்லிட்ட. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

"சரி, நான் தப்பா நினைச்சேன். கை எப்படி இருக்கும்னு சொல்லிக் குடுத்தது யாரு? மணிக்கட்டு வலிக்குன்னது யாரு?"

பக்கத்து வீட்டுச் சன்னலை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். "யார்ட்டயும் சொல்லாதம்மா. எம் பொண்டாட்டி வீட்ல தெரியாது" என்றான்.

மன்னிச்சுரும்மா என்று கேட்பான் என்று நின்றுகொண்டிருந்தேன். அவன் கேட்டது இதுதான். திருகாணி முடுக்குகிற வேலை எனக்குக் குறைச்சல் இல்லை. நான் மீன் கூடை சுமந்தவள். அந்த வேலையை அவன் சொல்லியிருந்தால் அதைத்தான் தெருவில் சொல்லியிருப்பேன், இதே சத்தத்தில் சொல்லியிருப்பேன். என் மகன் தோல் மாட்டினால்தான் அந்தக் கை பேசும் என்று சொல்லியிருப்பேன். அதற்கு அவன் எனக்கு இடம் வைக்கவில்லை.

ஒரு வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு வந்தால் பக்கத்து வீட்டுக்காரி இன்னும் கத்துகிறாள். நான் தலையை ஆட்டுகிறேன். தலையை ஆட்டுகிற ஒவ்வொரு தடவையும் அவன் பொய் என் பொய் ஆகிறது. இதில் கொடுமை என்னவென்றால், கை எழும்பும்போது என் மூச்சும் இன்னும் நிற்கிறது. அடி விழும்போது நெஞ்சு நிறைகிறது. அதற்குப் பிறகுதான் யார் கை என்று ஞாபகம் வருகிறது.

இப்போது கிறிஸ்மஸுக்கு வந்திருக்கிறான். நேற்று சாயங்காலம் வாசலில் நானும் அவனும் நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரி சன்னலில் இருந்து, "தம்பி, புதுப்பாட்டுல கலக்கிட்டியே!" என்றாள். இவன் வாயால் சொல்லுவான் என்று நான் காத்திருந்தேன். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். "ஏதோ உங்க ஆசீர்வாதம் அக்கா" என்று சிரித்தான்.

அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதினேன். மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு இவ்வளவுதான் வரும். கோழிக்கிறுக்கலாக இருக்கும், மகள் பெற்ற பேத்திக்கு என் எழுத்து பழக்கம். அவளைக் கூப்பிட்டிருக்கிறேன். அவன் முன் அறையில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கதவு திறந்துதான் இருக்கிறது.

இங்கன வா மக்கா. எங்க தப்பு இருக்குன்னு பாத்துக்கிட்டே முதல்ல இருந்து வாசி. மெதுவா வாசிக்காத, டிவிய மீறிக் கேக்கணும். உங்க மாமாவும் கேக்கட்டும்.