சாய்ந்தபடி அளந்தவர்

கல்யாணமான புதிதில், கணவரும் 'டீச்சர்' என்றே கூப்பிடும் அந்த நடன ஆசிரியை, அவரை நம்பி ஒரே ஒரு வேலையைத்தான் ஒப்படைத்தாள். நடனப் பள்ளி தொடங்க ஒரு கூடம் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். அவருக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கும் உத்தியோகம். அளவில் பிசகவே மாட்டார். நீளம், அகலம், உயரம், ஜன்னல், மின்விசிறிக் கொக்கி என்று ஒன்று விடாமல் பார்த்து, முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் அவள் ஆசை ஆசையாகக் கதவைத் திறந்தாள். நட்டநடுவில், அவரைவிடச் சற்றே பருமனாக, ஒரு தூண் நின்றது.

"இது உங்க கண்ணுல படலையா?"

அவர் தூணை ஒரு சுற்று சுற்றி வந்தார். "அதுலதான் சாஞ்சு நின்னு அளந்தேன், டீச்சர். முதுகுப் பக்கம் இருந்துச்சு."

அந்தப் பேதைப் பெண்ணின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! தூணை எடுத்துவிடலாமா என்று மாடியில் குடியிருந்த வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தார்கள். தாராளமாக எடுக்கலாம், பிறகு தன் சமையலறையும் மாமியாரும் நடன வகுப்பில் வந்து சேர்ந்துகொள்ள வேண்டியிருக்கும் என்றார் அவர்.

ஆகவே பள்ளி தூணைச் சுற்றியே வளர்ந்தது. பிள்ளைகளின் நெற்றி புடைக்காமல் இருக்க, வீட்டிலிருந்த பழைய மெத்தையை அதற்குச் சுற்றிக் கட்டினார் கணவர். பிள்ளைகள் அதில் தண்ணீர் பாட்டிலை மாட்டினார்கள், முதுகைச் சொறிந்துகொண்டார்கள், அடவு மறந்தால் அதைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வேலை முடிந்து வந்து வாசலோரம் நாற்காலியில் உட்காரும் அவருக்கு எந்த நடனமும் பாதிதான் தெரியும். மீதியைத் தூண் மறைத்துவிடும்.

முப்பது வருடம் ஓடியது. பால் வாங்க மறந்தாலும் சரி, மகளின் பள்ளிக் கட்டணத்தைத் தாமதமாகக் கட்டினாலும் சரி, வீட்டுச் சண்டை கடைசியில் போய் முட்டுவது அந்தத் தூணில்தான். அவர் தலையைக் குனிந்துகொள்வார். கண்ணை மூடுவதற்குள் ஒருநாளாவது அவள் அதை மன்னித்துவிட வேண்டும். அந்த மனிதருக்கு வேறு ஆசையே கிடையாது.

பள்ளியின் ஆண்டு விழாவுக்கு முதன்முறையாக ஒரு பெரிய அரங்கம் கிடைத்தது. தூணே இல்லாத மேடை. அவள் அதன் நடுவில் போய் நின்று கண் கலங்கினாள். ஒத்திகை ஆரம்பித்தது. வட்டமாகச் சுற்ற வேண்டிய பிள்ளைகள் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து, பாதிப் பேர் திரைக்குப் பின்னால் போய் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மிருதங்கக்காரரின் மடியில் விழுந்தார்கள்.

சின்ன வகுப்பை நடத்தும் மகள் ஓடி வந்தாள். "அம்மா, இதுங்களுக்குத் தூண் இல்லாம ஆடத் தெரியாது. எனக்கே தெரியலை."

மறுநாள் விழா. அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களைத்தான். நடுவுல போய் நில்லுங்க. கை கால் எதுவும் ஆடக்கூடாது. வீட்ல செய்யறதுதானே."

சாம்பல் நிறத் துணியைச் சுற்றி, முகத்தில் சாம்பல் மாவு பூசி, மறுநாள் அவரை மேடையில் நிறுத்தினார்கள். சபையில் சிலர் சிலை என்றார்கள், சிலர் பட்ட மரம் என்றார்கள். ஒரு சிறுமி பழக்கதோஷத்தில் தன் பாட்டிலை அவர் விரலில் மாட்டிவிட்டுப் போனாள். இன்னொருத்தி முதுகைத் தேய்த்துக்கொண்டாள். அவர் இமைகூட அசைக்கவில்லை.

ஆனால் ஆட்டம் சூடு பிடித்ததும் அவருக்குள் ஏதோ உடைந்தது. இத்தனை வருடமாகத் தன் கண்ணுக்குத் தப்பிய அந்த மீதிப் பாதி இப்போது அவரையே சுற்றிச் சுற்றி வந்தது. எவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! கண்ணீர் மாவில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டு இறங்கியது.

திரை மறைவிலிருந்து அவள் பல்லைக் கடித்தாள். "தூண் அழக்கூடாது."

ஆட்டம் முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. டீச்சரை மேடைக்கு அழைத்தார்கள். பிள்ளைகள் கடைசி வணக்கத்துக்கு வட்டமாகச் சுற்றத் தொடங்கினார்கள். நடு இடம் அவளுக்கு உரியது என்று அவருக்குத் தெரியும். தன்னால் அவள் இழந்த இடமாயிற்றே. துணிச் சுற்றோடு அவர் தத்தித் தத்தி விலகப் பார்த்தார். அவள் விரைந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க? பேசாம நில்லுங்க. நீங்க நகர்ந்தா பிள்ளைங்க மோதிக்கும்."

அவர் நின்றார். பிடித்த கையை விடாமலே அவள் சபையைப் பார்த்துத் தலை வணங்கினாள்.