வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்து டாக்டர்

எங்கள் மாமா வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் டாக்டர். அந்தப் பக்கம் போய்விட்டால் அவர் என் அம்மாவின் தம்பி, அவ்வளவுதான். யாருக்காவது காலில் முள் குத்தியிருந்தால்கூட அங்கே வைத்து எடுக்கக் கூடாது. நான் கேலிக்குச் சொல்லவில்லை. சர்க்கார் முத்திரை போட்ட காகிதத்திலேயே அப்படித்தான் கண்டிருந்தது.

மாமா ஜெர்மனியில் டாக்டருக்குப் படித்தவர். ஆறு வருஷம் அங்கே இருந்துவிட்டு, யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஊர் திரும்பினார். சென்னைக்குப் போய்ப் பட்டத்தைக் காட்டினால், எங்கள் பட்டியலில் இது இல்லையே என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார்களாம். லண்டனில் படித்திருந்தால் பட்டணத்திலேயே போர்டு மாட்டியிருக்கலாம். ஜெர்மனிக்காரனுக்கு மட்டும் ஈரல் இடம் மாறியா இருக்கிறது என்று என் அப்பா போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா கேட்டு என்ன ஆகப்போகிறது? மாமா ஒரு வருஷம் மனு எழுதி எழுதி ஓய்ந்தபோது, மேலிடத்திலிருந்து ஒரு வழி சொன்னார்கள். வேறு எந்த டாக்டரும் வர மறுக்கிற கிராமம் ஏதாவது இருந்தால், அங்கே மட்டும் தற்காலிகமாக வைத்தியம் பார்க்கலாம். கிராமத்து எல்லையைத் தாண்டிப் பார்த்ததாகத் தெரிந்தால் அனுமதி ரத்து.

அப்படி ஒரு கிராமத்தைத் தேடி அலைய வேண்டிய சிரமமே இருக்கவில்லை. எங்கள் ஊரே அதுதான். மேலகரத்திலிருந்து வண்டித்தடத்தில் இரண்டு மைல் உள்ளே தள்ளிக் கிடந்தது. எங்கள் வீட்டு முன்னறையிலிருந்த நெல்மூட்டைகளைப் பின்னால் தள்ளிவிட்டு ஒரு மேஜை போட்டார்கள். மாமா டாக்டர் ஆனார்.

ஊர் எல்லை கிழக்கே ஓடிய வாய்க்கால். தென்காசிக்குப் போனாலும் குற்றாலத்துக்குப் போனாலும் அதில் இறங்கித்தான் ஏற வேண்டும். பாலம் கிடையாது. சாதாரண நாளில் முழங்கால் தண்ணீர்தான் இருக்கும். மாமாவுக்குக் கைராசி என்று பேர் பரவியதும் அந்தப் பக்கத்து ஜனங்களும் வண்டி கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். உடம்பு ரொம்ப முடியாதவர்களுக்காக மாமாவே வாய்க்கால் கரைக்குப் போய் மருதமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். வண்டி கரையேறியதும் அவர் முதலில் பார்ப்பது நாக்கையோ நாடியையோ அல்ல, பின்சக்கரத்தைத்தான். அது தண்ணீரை விட்டு முழுசாக ஏறி எங்கள் ஊர் மண்ணில் நின்ற பிறகே பையைத் திறப்பார். வண்டிக்காரர்களும் பழகிவிட்டார்கள். "சக்கரம் ஏறிட்டு டாக்டரய்யா" என்று அவர்களே குரல் கொடுத்துவிடுவார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. யுத்தம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகப்போகிற ஆடி மாதம். சாரல் என்று பேர்தானே தவிர, மலைமேல் மூன்று நாளாகக் கொட்டித் தீர்த்திருந்தது. வாய்க்கால் கரையைத் தொட்டுக்கொண்டு செக்கச்சிவப்பாகப் போயிற்று. தண்ணீர் பார்க்கப் போன ஊர்க்கூட்டத்தில் நானும் இருந்தேன். அக்கரையில் ஒரு கூண்டுவண்டி வந்து நின்றது. குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் அதிலிருந்து குதித்து, எங்களைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினார். யாரோ ஓடிப்போய் மாமாவையும் அப்பாவையும் கூட்டி வந்தார்கள்.

"டாக்டரய்யா, ரெண்டு நாளா வலி எடுத்துக் கெடக்கா" என்றார் அந்த மனிதர். "ஆத்துல வெள்ளம், தென்காசிக்குப் போவ வழியில்ல. இங்கன வந்தா, வண்டி இதுல எறங்காதுன்னு வண்டிக்காரன் சொல்லுதான்."

உள்ளேயிருந்து அவர் மனைவி போட்ட சத்தம் தண்ணீர் இரைச்சலையும் மீறி எங்களுக்குக் கேட்டது. அதன் பிறகு அது கேட்காமல் போனதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, அந்தக் காயிதத்த நெனச்சுக்கோ" என்றார்.

"வண்டி எறங்காது அத்தான். நான் எறங்குதேன்" என்றார் மாமா.

பையைத் துண்டால் தலையோடு கட்டிக்கொண்டு இறங்கினார். வடத்தின் ஒரு முனையை இடுப்பில் கட்டி, மறுமுனையை இந்தக் கரையில் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். மார்பளவு தண்ணீர் கழுத்தளவாகி, நடுவில் கால் வழுக்கி, கொஞ்ச தூரம் நீந்தியும் போனார். பிறகு வண்டிக்குள் ஏறி, முன்னும் பின்னும் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் ஆயிற்றென்று தெரியாது. மழையில் நனைந்துகொண்டு எல்லோரும் நின்றோம். குழந்தை அழுகிற சத்தம் வந்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளை பிறந்தது மாதிரி சிரித்தார்கள். தாயும் பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன கதையில் மாமா வாய்க்கால் முழுவதையும் நீந்தியே கடந்தார். சுழல் ஒன்றும் வந்து போயிற்று. எங்கள் மாமாவைப் போல ஒருத்தர் உண்டா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினைந்து நாளில் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. குற்றாலத்தில் சீசன் நடக்கும்போது உத்தியோகஸ்தர்களுக்கு எங்கள் வட்டாரத்தில் எப்படியாவது ஒரு ஜோலி வந்துவிடும். அவரும் குற்றாலத்தில் தங்கி, அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடுதான் வந்து சேர்ந்தார். கூடவே ஒரு குமாஸ்தா.

அவர் வருகிற செய்தி முதல் நாளே வந்துவிட்டதால், அப்பா ஊரைக் கூட்டி எல்லாருக்கும் பாடம் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பெண்ணைக் கட்டிலோடு நாலு பேர் தலைக்குமேல் தூக்கி இந்தக் கரைக்குக் கொண்டுவந்தோம், மருதமரத்தடியில் பிரசவம் ஆயிற்று, அவ்வளவுதான். வண்டிக்காரருக்குச் சொன்னார்கள், எண்ணெய் தேய்க்கிறவருக்குச் சொன்னார்கள், வடம் பிடித்த நாலு பேருக்கும் இரண்டு தரம் சொன்னார்கள். மாமாவிடம் மட்டும் வாயே திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டுப் பிள்ளைதானே என்று விட்டுவிட்டார்கள்.

முன்னறை மேஜையில் அதிகாரி உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளத்தில் இறங்கிய மாமாவை மரத்தடியில் காலாட்டிக்கொண்டு உட்கார்த்தி வைத்துவிட்டு, கட்டில் தூக்கிய பெருமையையெல்லாம் இவர்களே எடுத்துக்கொள்கிறார்களே! அதிலும் எங்கள் அப்பாவே!

எல்லாம் முடிந்து அதிகாரி பேனாவை மூடப்போனார். அப்போது குமாஸ்தா என்னைப் பார்த்துவிட்டு, "சார், இந்தப் பிள்ளையும் அன்னைக்கு அங்கனதான் நின்னுதாம்" என்றார்.

அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னை உள்ளே அழைத்து, பேர் கேட்டார், எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டார். அம்மா நடைக் கதவோரம் வந்து நின்றாள்.

"உங்க மாமா வைத்தியம் பார்த்தது வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்தானேம்மா?" என்றார்.

"இல்ல சார், அந்தப் பக்கம். மாமா நீந்திப் போனாவ" என்றேன்.

அதிகாரி பேனாவை மேஜைமேல் வைத்தார். நல்ல மழையாச்சே, தூரத்திலிருந்து உனக்குச் சரியாகத் தெரிந்திருக்காது, இந்தப் பக்கம்தானே என்று மறுபடி கேட்டார். தெரிந்தது என்றேன். நன்றாக யோசித்துச் சொல்லு என்று மூன்றாம் தடவையும் கேட்டார். மூன்றாம் தடவையும் சொன்னேன். மாமா தலையைக் குனிந்தபடி இருந்தார். அதிகாரி தான் எழுதியிருந்ததில் சில வரிகளை மெதுவாக அடித்துவிட்டு, அதன்மேல் வேறு எழுதினார். நான் சொல்லித்தான் தப்பைத் திருத்தினார் என்று அன்று சாயங்காலம்வரை தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு மாதத்தில் காகிதம் வந்தது. மாமா செங்கோட்டைக்கு அப்பால் மலைமேலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அது திருவிதாங்கூர் ராஜ்யம். அங்கே அவர் பட்டத்தை யாரும் கேட்கவில்லையாம். புறப்படும்போது என் தலையைத் தடவி, நல்லாப் படி என்று மட்டும் சொன்னார். அப்பாவும் அம்மாவும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மேஜையை எடுத்துவிட்டு நெல்மூட்டைகளைப் பழைய இடத்தில் அடுக்கினார்கள். அடுத்த மழைக்கு எங்கள் தெருவிலிருந்து காய்ச்சலில் இரண்டு பிள்ளைகளை வண்டியில் தென்காசிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்று திரும்பி வந்தது.

நான் சொன்ன பதிலுக்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குப் பல வருஷம் ஆயிற்று. விசாரணைக்கென்று அவ்வளவு தூரம் வந்த அந்த அதிகாரி, மாமாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் மூன்று தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் பதிலையும் அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். தலையை ஆட்டியிருந்தால் போதும். அவ்வளவு பெரிய உத்தியோகஸ்தர் ஓர் ஒன்பது வயதுப் பெண்ணிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். நானோ, பாவம், இவருக்குக் காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று நினைத்து, மூன்றாம் தடவை கிட்டப் போய், இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, உரக்கச் சொன்னேன்.