அத்தை தேர்ந்தெடுத்த துப்பாக்கி

“…கத்தரிக்காகூட அமுக்கிப் பாத்துதான் சார் வாங்கறோம். இத்த மட்டும் இன்னாத்துக்கு கண்ணாடிக்கு அந்தாண்டயே வெச்சுக்னு காட்றீங்க? எடுத்துக் கைல குடுங்க” என்று அத்தை சொன்னதும், பயிற்சிக் கூடத்து சார் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதையே மறந்துவிட்டவர்போல சாவிக்கொத்தைத் தடவ ஆரம்பித்தார். அந்தக் கண்ணாடி அலமாரிக்குள் ஐந்து கைத்துப்பாக்கிகள் இருந்தன. அவற்றில் எனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காகத்தான் அத்தை அரை நாள் நண்டு வியாபாரத்தை விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறி வந்திருந்தாள்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்ணுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் குப்பத்திலும் அதையேதான் கேட்டார்கள், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற அந்த சார், அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய நெல் குடோனைப் பிடித்து, காற்றுத் துப்பாக்கிப் பயிற்சிக் கூடமாக நடத்திவந்தார். இதில் வெடிமருந்து கிடையாது. ஸ்பிரிங்கை இழுத்துப் பூட்டி, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஈயக் குண்டை உள்ளே வைத்துச் சுட வேண்டும். பிள்ளைகளைத் தேடி அவர் பள்ளிக்கூடங்களுக்கு வந்தார். கையை நீட்டச் சொல்லி, புறங்கையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வகுப்பில் எல்லோர் கையிலிருந்தும் நாணயம் உருண்டு ஓடிவிட்டது. என் கையில் மட்டும் கோந்து போட்டு ஒட்டியதுபோல் நின்றது. நைனா (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. “ஆடற படகுல நின்னு வளந்த பொண்ணு. ஆடாத தரைல நிக்கறதுக்கு இன்னா கஷ்டம்?” என்றார்.

பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இலவசப் பயிற்சி. பதின்மூன்றாவது ஞாயிறு போட்டி. அந்தப் போட்டியை ஒழுங்காக முடிக்கிற பிள்ளைகளுக்குக் கூடத்துத் துப்பாக்கியிலேயே ஒரு வருடம் சும்மா சொல்லித்தருவதாக சார் சொல்லியிருந்தார். முதலாவதாக வர வேண்டும் என்பதில்லை. கடைசியாக வந்தாலும் சரி, தப்பில்லாமல் முடித்தால் போதும். முடிக்காதவர்கள் அடுத்த வருடம் மறுபடி முதல் ஞாயிற்றிலிருந்து வரவேண்டும். ஒரு வருடம் என்பது பதின்மூன்று வயதில் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு அந்தக் கூடம் வேண்டும், அடுத்த வாரமும் வேண்டும், அதற்கடுத்த வாரமும் வேண்டும். ராத்திரி கண்ணை மூடினால் சுட்டு விழவைக்கிற இரும்புத் தகடுகள்தான் தெரிந்தன.

ஒரே இடத்தில் நின்று வட்டத்தைச் சுடுகிற போட்டி இல்லை அது. குடோனின் பின்முற்றத்தில் மூன்று மேஜைகள். மணி அடித்ததும் முதல் மேஜையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, இடுப்புப் பையிலிருந்து குண்டை எடுத்துப் போட்டு, மணல் மூட்டைச் சுவருக்கு முன்னால் நிற்கிற இரும்புத் தகடுகளை விழவைக்க வேண்டும். பிறகு அடுத்த மேஜைக்கு நடக்க வேண்டும். அங்கே முட்டி போட்டுச் சுட வேண்டும். மூன்றாவதில் ஒரு டிரம்முக்குப் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்துச் சுட வேண்டும். நேரமும் கணக்கு, விழுந்த தகடும் கணக்கு. இதற்கு அவரவர் கைக்குத் தோதான துப்பாக்கி ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்து சொல்லிவிட வேண்டும். பெல்ட், பை, ஷூ, கண்ணைக் காக்கிற கண்ணாடி எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

நான் எதை முடிவு செய்திருந்தேன் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அலமாரியின் நடுத்தட்டில் கருகருவென்று, போலீஸ்காரர் இடுப்பில் இருப்பதைப் போலவே ஒன்று இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் அதன் முன்னால்தான் நிற்பார்கள். நானும் பன்னிரண்டு வாரமாக அதோடு மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தேன்.

அத்தை என்றால் நைனாவின் அக்கா. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. பழவேற்காடு மார்க்கெட்டில் நண்டு வாங்கி விற்பாள். நண்டைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே சதை இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அதனால் எங்கள் வீட்டில் மிக்ஸி வாங்கினாலும், செருப்பு வாங்கினாலும், மாப்பிள்ளை பார்த்தாலும் அத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும். மாப்பிள்ளையைத் தூக்கிப் பார்க்க முடியாதே என்று அவளுக்கு ஒரு குறை உண்டு.

சார் அலமாரியைத் திறந்து, ஒவ்வொன்றாகக் காலி என்று காட்டி, மேஜைமேல் வைத்தார். அத்தை எதையும் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். கருப்பை எடுக்கச் சொல்லி, சுவரைப் பார்த்து நீட்டச் சொல்லி, மார்க்கெட்டில் நண்டு எண்ணுகிற அதே ராகத்தில், ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்கி, லாபம், ரெண்டு, மூணு என்று எண்ண ஆரம்பித்தாள். பன்னிரண்டில் என் கை இறங்கியது. “இறங்கிச்சா?” என்றாள். “இல்ல அத்த” என்றேன். “பொய் சொல்ற வாய நான் கேக்கல, கைய கேட்டேன்” என்றாள்.

மரப்பிடி போட்ட இன்னொன்று பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பிடி பெரியவர்கள் கைக்குச் செய்தது. விரல் விசையைத் தொடுவதற்குள் உள்ளங்கை பிடியைவிட்டு விலகியது. அடுத்ததற்கு ஸ்பிரிங் இழுக்க வயிற்றில் முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. “மூணு மேஜைக்கும் வயித்துல குத்திக்குவியா? வேணாம், வெய்யி.” நான்காவதின் முன்பக்கக் குறி ஆடியது. கடைசியாக இருந்தது, நிறம் போய், பிடியில் ஒரு விரிசலை யாரோ எம்சீல் வைத்து அடைத்திருந்த ஒரு கிழட்டுத் துப்பாக்கி. அதை நீட்டியபோது அத்தை இருபது வரை எண்ணினாள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, கையைக் கீழே விடச் சொல்லி, மறுபடி தூக்கச் சொன்னாள். கண்ணைத் திறந்தால், குறி நான் விட்ட இடத்திலேயே நின்றது. அதன் எடை எனக்குத் தெரியவே இல்லை, என் கையே கொஞ்சம் நீண்டுவிட்டதுபோல் இருந்தது.

“இதான்” என்றாள் அத்தை.

சார் மற்ற நான்கையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அப்புறம், “நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்மா. ஆனா இவ்ளோ சீக்கிரம் சொல்லியிருக்க மாட்டேன்” என்றார். நான் பஸ்ஸில் பொன்னேரி வரும்வரை அழுதேன். “நல்லா அழு. கருப்பு வேணும்னா அம்மாகிட்ட சொல்லி மை வெச்சுக்கோ” என்றாள் அத்தை.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. என் பி.டி. பேன்ட்டில் பெல்ட் மாட்ட வளையம் இல்லை. நைனா வலை பின்னுகிற ஊசியையும் நைலான் நூலையும் எடுத்து, இடுப்பைச் சுற்றி ஆறு வளையம் தைத்தார். பேன்ட் கிழிந்தாலும் வளையம் கிழியாது. தார்ப்பாய்த் துண்டில் ஒரு பை தைத்து, வாய்க்குக் கம்பி வளைத்துப் போட்டார். பார்க்காமலே இரண்டு விரலை விட்டு ஒரே ஒரு குண்டை எடுக்கலாம். குண்டைக் கையில் வாங்கி, “நம்ம வலைல கட்ற ஈயத்துக்கு இது பேரப்புள்ள போல” என்று சிரித்தார். என் கான்வாஸ் ஷூவின் அடிப்பக்கம் தேய்ந்திருந்தது. அம்மா சிமென்ட் தரையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி நடக்கவிட்டாள், வழுக்கியது. பொன்னேரி கடைத்தெருவில் புதிய ஷூ. கண்ணாடிக்கு நைனா தன்னுடைய கூலிங்கிளாஸைக் கொடுக்க வந்தார். வெயிலில் நல்லது என்றார். அத்தை விடவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் மீஞ்சூரில் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தான். அவனிடம் சொல்லிவைத்து, வேலையில் கண்ணுக்குப் போடுகிற, நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று புதிதாக வாங்கிவரச் செய்தாள். அது என் முகத்துக்கு இரண்டு பங்கு இருந்தது. பின்னால் எலாஸ்டிக் வைத்துத் தைத்தோம். இன்றைக்கும் யாராவது என்னிடம் முதல் போட்டிக்கு என்ன வாங்க வேண்டும் என்று கேட்டால் துப்பாக்கியைக் கடைசியில்தான் சொல்வேன். முதலில் ஷூ, அப்புறம் கண்ணாடி. இதை எனக்குச் சொல்லித்தந்தவர்கள் யாரும் துப்பாக்கி சுட்டதில்லை.

போட்டிக்கு முந்தின சாயங்காலம் அத்தை பெல்ட்டையும் பையையும் கண்ணாடியையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைத்தாள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது வலையை முதல்முறை ஏரியில் இறக்கும்போது அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் இறக்குவார்கள். துடுப்புக்கும் அப்படித்தான், இன்ஜினுக்கும் அப்படித்தான். அத்தை முதல்முறை வாங்கிய தராசைக் கண்ணில் ஒற்றியதில் நெற்றி வீங்கிப்போன கதை குப்பம் முழுக்கத் தெரியும். “நாளைக்கு துப்பாக்கிய கைல எடுத்ததும் கண்ல ஒத்திக்கோடீ. மறந்துடாத” என்று சொன்னாள்.

மறுநாள் நைனாவுக்கு ஏரியில் முறை. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று எங்கள் பக்கத்தில் முறை வைத்திருப்பார்கள், விட்டால் விட்டதுதான். அம்மாவும் கூடப் போக வேண்டியிருந்தது. அதனால் அத்தை வந்தாள். பெற்றவர்களுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் சாப்பாட்டுக் கூடையை வைத்தாள்.

நடுவராகச் சென்னையிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். தலையில் தொப்பி, கழுத்தில் விசில். போட்டி தொடங்குமுன் ஒரே ஒரு விதியை மூன்று முறை சொன்னார். துப்பாக்கியின் வாய் எப்போதும் மணல் மூட்டையைத்தான் பார்க்க வேண்டும். குண்டு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, வேறு பக்கம் திரும்பினால் அன்றைக்குப் போட்டி முடிந்தது. பன்னிரண்டு வாரமும் சார் சொன்னதும் இதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பயிற்சியில் ஒருநாளும் நான் தவறியதில்லை. ஆனால் பயிற்சி என்பது கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிற மாதிரி. இது முதல்முறை இறக்குகிற நாள்.

மணி அடித்தது. என் கிழட்டுத் துப்பாக்கியை இரண்டு கையாலும் எடுத்தேன். குனிந்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். துப்பாக்கியின் வாய் கண்ணாடியில் டக்கென்று இடித்தது.

விசில் காதைப் பிளந்தது. அந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக மூட்டைப் பக்கம் திருப்பி, துப்பாக்கியை வாங்கிக் கீழே வைத்தார். திட்டவில்லை. “இன்னைக்கு உனக்குப் போட்டி முடிஞ்சதும்மா” என்றார்.

“குண்டே போடலக்கா. ஸ்பிரிங்கூட இழுக்கல.”

“தெரியும்” என்றார். அவ்வளவுதான்.

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து வருவதைப் பார்த்தேன். எனக்குத் தைரியம் வந்தது. என் அத்தை மார்க்கெட்டில் ஐஸ் லாரியைத் தெரு முழுக்க ரிவர்ஸ் எடுக்கவைத்தவள். எளாவூர் செக்போஸ்ட்டில் நண்டுக்கூடையை நிறுத்தியவர்களோடு வாதாடி, கடைசியில் அவர்கள் கையாலேயே டீ வாங்கிக் குடித்தவள். ஒரு விசில் எம்மாத்திரம்?

“இன்னா தப்பு பண்ணுச்சும்மா பொண்ணு?” என்று அத்தை கேட்டாள். அந்த அக்கா ஆள்காட்டி விரலைத் துப்பாக்கிபோல் நீட்டி, நான் செய்ததைப் போலவே மெல்லத் தூக்கித் தன் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். அத்தை அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அத்ததான் ஒத்திக்கச் சொன்னாங்க!” என்று கத்தினேன். குடோன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“ஆமாம்மா. நான்தான் சொன்னேன்” என்றாள் அத்தை. இரண்டு கையையும் கூப்பினாள். “நீ ஊதினதுதான் சரி. அடுத்த வருசம் இட்டுக்னு வரேன். அப்பவும் நீயே வந்து நில்லு கண்ணு. இதே மாதிரி ஊது.”

அடுத்த வருடம் போனேன், முடித்தேன், பிறகு எத்தனையோ போட்டிகளும் சுட்டேன். அந்த அக்காவை மறுபடி பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நானும் அத்தை மாதிரி கும்பிட்டிருப்பேன். இப்போது நானே சில ஞாயிறுகளில் விசிலோடு நிற்கிறேன். ஒரு பிள்ளை துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பும்போது, பார்த்து நிற்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஊரையே எதிர்த்து நிற்கிற அத்தை எனக்காக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதுதான்.

அத்தை என்னைக் குடோனுக்கு வெளியே குழாயடிக்குக் கூட்டிவந்தாள். கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடச் சொன்னாள். நண்டு கடித்துக் காய்ப்புப் பிடித்த விரல்களை என் வலது இமைமேல் வைத்தாள். நண்டைப் பார்ப்பதுபோல் மெல்ல அழுத்திப் பார்த்தாள். அழுததைத் துடைக்கிறாள், சமாதானம் பண்ண வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினேன். அத்தை என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, இன்னொரு கண்ணையும் அதேபோல் தொட்டுப் பார்த்தாள்.