அலமாரியின் நான்கு கால்கள்

என் கணவர் மூன்று ஆண்டு ரங்கூனில் இருந்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியபோது, மற்றவர்களைப் போல் அரக்குப் பெட்டியும் பட்டும் கொண்டுவராமல், ஒரு சாக்கு நிறைய உளியும் இழைப்புளியும் கொண்டுவந்தார். அங்கே அவர் தங்கியிருந்த தெருவில் ஒரு சீனத் தச்சரின் பட்டறை இருந்ததாம். மாலைதோறும் வாசலில் நின்று பார்த்தே தொழிலைக் கற்றுவிட்டதாக அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைக் குலைக்க எனக்கு மனமில்லை. எனக்கும் ஓர் அலமாரி தேவைப்பட்டது.

பிறந்த வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த புத்தகங்கள் தகரப் பெட்டியில் கிடந்தன. அவற்றை என்னைவிட ஊக்கமாகப் பூச்சிகள் வாசித்துக்கொண்டிருந்தன. கணவர் திரும்பிச் செல்லும் கப்பலுக்கு ஆறு வாரம் இருந்தது. அதற்குள் அலமாரி முடியாவிட்டால், இன்னும் மூன்று ஆண்டுக்குப் பெட்டியே கதி.

வீடு கட்டியபோது மிஞ்சிய தேக்குச் சட்டங்களை எடுத்து அவர் தொடங்கினார். ஐந்தாம் வாரம் முற்றத்தில் அலமாரி எழுந்து நின்றது. ஓர் ஆணி கிடையாது. கால்களின் முனையைச் செதுக்கித் துளையில் இறுக்கியிருந்தார். சற்றே சாய்ந்திருந்தாலும் கம்பீரமாகத்தான் இருந்தது. ஜன்னல் பழுதுபார்க்க அமராவதிபுதூரிலிருந்து வந்திருந்த ஆசாரியை மாமியார் அழைத்துக் காட்டினார். மகனைப் பாராட்டக் கேட்பதற்காகவே அழைத்தார் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆசாரி குனிந்து கால்களைத் தடவினார். "ஐயா பெரிய வேலையால்ல பாத்திருக்கீக! ஆனா ஆச்சி, மூணு காலு ஒரு மாதிரி நிக்குது. இந்த ஒண்ணு மட்டும் மாறி நிக்குது."

மாமியாரின் முகம் மாறிவிட்டது. நிறுத்தும் மரம், அது வளர்ந்தபடியே, வேர்ப்பக்கம் கீழேயும் நுனிப்பக்கம் மேலேயும் நிற்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தலைகீழாய் நிற்கும் மரம் வீட்டுக்கு ஆகாது.

"இது உள்ள வரப்படாது," என்றார்.

"ஆத்தா, இது புத்தகம் வைக்கிற அலமாரி. கோயில் தூணா?"

"ஏப்பா, நீ புத்தகத்தைத் தலைகீழா வச்சா படிக்கிறே?"

அடி எது, நுனி எது என்று எப்படி அறிவது? "தண்ணியில மெதக்க விடுங்க. அடிப்பக்கம் கனம், தாழும்," என்றார் ஆசாரி. ஒரு காலை மட்டும் சோதித்தால் போதும் என்றேன். கணவருக்கோ சீனத் தச்சரின் மானம் பெரிது. நான்கையும் தட்டிக் கழற்றிக் கல்தொட்டியில் போட்டார்.

பழி சுமந்த கால் ஒழுங்காகத் தன் கீழ்முனையைத் தாழ்த்தியது. மற்ற மூன்றும் மேல்முனையைத் தாழ்த்தின.

மூன்று ஒரு பக்கம் நின்றால் அதுவே சரியாக இருக்கும் என்று எல்லோரும், கொஞ்சம் படித்த நானும், எண்ணியிருந்தோம்.

"நான் மாறி நிக்குதுன்னுதான் சொன்னேன்," என்றார் ஆசாரி. "எது சரின்னு யாரும் கேக்கலையே?"

மூன்று கால்களுக்கும் மறுமுனையைச் செதுக்க ஐந்து நாளே இருந்தது. முதல் காலையே அவசரத்தில் உளி பிளந்துவிட்டது. கணவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் தகரப் பெட்டியைத் துடைக்கப் போனேன். காலில்லாத அலமாரியைத் தரையில் வைத்தால், பூச்சிக்குப் பதில் கறையான், அவ்வளவே வேறுபாடு.

மாமியார் சாமான் அறையைத் திறந்தார். என் திருமணத்தன்று வரிசையாகப் பரப்பி வைத்து, பிறகு ஒரு நாளும் அடுப்பேறாத என் சீர்வரிசைப் பித்தளைப் பாத்திரங்கள் அங்கே இருந்தன.

"உங்க ஆத்தா இம்புட்டுக் குடுத்துவிட்டாகளே, எதுக்குக் கெடக்கு? ஒரே அளவா நாலு அண்டா எடுத்துட்டு வா."

நான்கையும் என் அறையில் கவிழ்த்து, அவற்றின்மேல் அலமாரியைத் தூக்கிவைத்தோம். கப்பலுக்குப் புறப்படும் முன் கணவரே கடைசிப் புத்தகத்தை அடுக்கினார்.

மூன்று ஆண்டு கழித்து வந்தவர், சாக்கை அவிழ்க்கும் முன்பே, திருத்திப் பொருத்த அந்தத் தேக்குக் கால்களைத் தேடினார். மாமியார்தான் பதில் சொன்னார்: "அது பாட்டுக்கு நல்லா நிக்குது. நீ பேசாம கெட."

அண்டாக்கள் அன்று முதல் தலைகீழாகவே இருக்கின்றன. ஆசாரி அதன் பிறகு பலமுறை வந்து பார்த்தார்; எது சரி என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.