படத்தில் இல்லாத பந்தி

யாராவது நல்ல படம் கேட்டால் எனக்கு யோசிக்கவே வேண்டாம். ராயபுரத்தில், துறைமுகத்துக்கு வரும் சரக்குகளை எடுத்துத் தரும் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலமானால் என் மேசைப் பக்கம் யாராவது வந்து, “அக்கா, நாளைக்கு லீவு, இன்னா படம் பாக்கலாம்?” என்று நிற்பார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஒன்று, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஒன்று, தனியாக அழவேண்டும் போலிருந்தால் ஒன்று என்று ஆளைப் பார்த்துச் சொல்வேன். படம் பிடித்திருந்தது என்று திங்கட்கிழமை வந்து சொல்லிவிட்டால், அதை நானே எடுத்த மாதிரி ஒரு சந்தோஷம்.

ஆள் பார்க்காமல் எல்லோருக்கும் சொல்கிற படம் ஒன்று உண்டு. பழைய படம். பேரை எழுதினால் நீங்களும் பார்த்துவிட்டு என்னைக் கேள்வி கேட்பீர்கள், அதனால் எழுதவில்லை. மனைவியை இழந்த லாரி ஓட்டுநர் ஒருவர், மகளை லாரியிலேயே வைத்து வளர்க்கிறார். பாட்டுகள் சுமார்தான். ஆனால் மகளின் கல்யாணத்தில் ஒரு காட்சி. எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அப்பா கடைசி பந்தியில் தனியாக வந்து உட்காருகிறார். சாதம் தீர்ந்துவிட்டது என்கிறார்கள். “இருக்கறத போடுப்பா” என்கிறார். பாயசமும் ஓர் அப்பளமும்தான் மிச்சம். அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டுச் சாப்பிடுகிறார். மகள் மாடியிலிருந்து அதைப் பார்க்கிறாள். இசை கிடையாது, அண்டா கழுவுகிற சத்தம் மட்டும். இந்த ஒரு காட்சிக்காகவே பாருங்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே மளிகைக் கடை. கடைக்கார அண்ணாச்சியும் அவர் மனைவியும் தூத்துக்குடிப் பக்கம். அந்த அம்மாவுக்கும் இந்தப் படத்தைச் சொல்லியிருந்தேன். ஒருநாள் பருப்பு வாங்கப் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டார்.

“எக்கா, நீங்க சொன்ன படத்த பாத்தோம். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பந்தி சீன் வரவே இல்லயே?”

“நடுவுல எழுந்து போயிருப்பீங்க.”

“எங்க போக? கடைய அடைச்சிட்டுல்லா உக்காந்தோம். தாலி கட்டுதாங்க, அட்சதை போடுதாங்க, அடுத்தாப்ல அவரு லாரிய எடுத்துட்டுக் கெளம்பிருதாரு. சாப்பிடவே இல்ல.”

சிரித்துக்கொண்டே மேலே வந்தேன். ஏதோ பேச்சு வாக்கில் கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு நிரூபணத்துக்காக, ஃபோனில் படத்தைப் போட்டேன். தாலி கட்டினார்கள். அட்சதை விழுந்தது. அப்புறம் ஸ்டியரிங்கில் அப்பாவின் கை. பின்னால் தள்ளி மறுபடி பார்த்தேன். வேறு இடத்தில் தேடி எடுத்த பிரதியிலும் அதேதான். பந்தி இல்லை. அந்தக் கல்யாண வீட்டுக்கு மாடியே இல்லை.

வேறு படத்தோடு குழப்பிக்கொண்டேனா என்று யோசித்தால், ஒன்றும் அகப்படவில்லை.

என் கணவர் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். காலை ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

“அது சினிமா இல்ல. அது உங்கப்பா.”

“இன்னா சொல்றீங்க?”

“நம்ம கல்யாணத்துல. மாடி ரூம்ல இருந்து நீதான என்னைக் கூப்ட்டுக் காட்டுன? எங்கப்பா இன்னா சாப்டறார் பாருங்கன்னு. அப்பளத்த ஒடச்சி பாயசத்துல போட்டுகினு இருந்தாரு.”

“இத்தினி வருஷமா ஏன் சொல்லல?”

“நீ படத்தப் பத்திப் பேசறப்ப நான் எங்க காது குடுத்தேன்?”

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தவர். இப்போது இல்லை. அந்தப் படத்துக்கு என்னையும் தம்பியையும் கூட்டிப்போனவர் அவர்தான். ஆனால் கல்யாணத்தன்று மாடியிலிருந்து அவரைப் பார்த்ததாக எனக்கு எந்த ஞாபகமும் இல்லை. கல்யாண வீடியோவைத் தேடி எடுத்துப் போட்டேன். நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் லட்டு ஊட்டிக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. கடைசி பந்திக்கு முன்பே வீடியோக்காரர் கிளம்பியிருக்கிறார்.

தம்பியிடம் ஃபோனில் சொன்னேன். அவன் மின் நிலையத்தில் ஒப்பந்தத்துக்கு வெல்டிங் வேலை செய்கிறான், இருப்பது நெட்டுக்குப்பத்தில். அடுத்த வாரம் கையில் இறாலோடு வந்து இறங்கினான். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

“அக்கா, அது படத்துலதான் வந்துது. இன்டர்வெல்லுக்கு அப்பால. அந்த சீன்ல அப்பா கூட தொண்டைய செருமினாரு, எனக்கு நல்லா ஞாபகம் கீது.”

“இல்லடா, திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். அப்பிடி ஒரு சீனே இல்ல.”

“வெட்டிருப்பானுங்க.”

“மச்சான், நான் கண்ணால பாத்தேன்,” என்றார் என் கணவர். “உங்கப்பா கடைசியா உக்காந்து பாயசம் சாப்ட்டாரு.”

தம்பி இறால் பையைக் கீழே வைத்தான். “மாமா, அன்னிக்கி அப்பா ஒரு வாய் சோறு கூட துன்னல. பொண்ணு போவப் போவுதேன்னு மண்டபத்துக்குப் பின்னால போய் உக்காந்துகினாரு. நான்தான் வூட்டுக்கு இட்டாந்து, கடையில இட்லி வாங்கிக் குட்த்தேன்.”

“இட்லி அப்பறம் துன்னிருப்பாரு. மொதல்ல பாயசம்.”

“இல்ல மாமா. பசியோடதான் வந்தாரு.”

இரண்டு பேருடைய குரலும் ஏறிக்கொண்டே போனது. அதுவரைக்கும் இது ஒரு சினிமா விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் பேசப் பேசத்தான் புரிந்தது, இவர் சொல்வது சரியென்றால் அன்று அப்பா ஏதோ கொஞ்சம் சாப்பிட்டிருக்கிறார், நானும் அதைப் பார்த்திருக்கிறேன். தம்பி சொல்வது சரியென்றால் அவர் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறார், நான் மாடியில் எதுவும் தெரியாமல் புடவை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என் கணவரை நம்பத்தான் ஆசை. ஆனால் தம்பிக்குக் கண் கலங்கியிருந்தது. இட்லி வாங்கிக் கொடுத்தவன் அதை எப்படி மறப்பான்?

“வாய மூடுங்க ரெண்டு பேரும்,” என்று சொல்லிவிட்டு டிவியில் அந்தப் படத்தைப் போட்டேன்.

இறால் வெந்துகொண்டிருக்க, மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். தாலி கட்டும் இடம் வந்தபோது இருவரும் திரையைவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள். அட்சதை, ஸ்டியரிங், கை. லாரி கிளம்பியது. கொஞ்ச நேரம் கழித்து லாரி டீக்கடையில் நிற்கும் இடத்தில், கிளீனர் செய்த ஏதோ கோணங்கித்தனத்துக்குத் தம்பி வாய்விட்டுச் சிரித்தான். இவரும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புக் காட்சி ஞாபகத்திலேயே இல்லை.

“படம் சூப்பரா கீதுக்கா,” என்றான் தம்பி. “இத நான் எங்க ஃபோர்மேனுக்குச் சொல்லப் போறேன்.”

“பந்தி சீனையும் சேத்துச் சொல்லுவியா?”

அவன் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான். “தெரில,” என்றான்.

எனக்கும் தெரியவில்லை. இறால் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, எழுந்து போனேன்.