வெடி எந்த இடத்தில் வைத்தது?

என் மனைவியும் அந்த இயற்பியல் சாரும் ஒரே பள்ளிக்கூடம். அவள் கணக்கு டீச்சர். சாருக்கு முப்பது வயதுகூட இருக்காது, சட்டையில் எந்நேரமும் இஸ்திரி மடிப்பு. நான் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடித்து மைன்ஸ் மண்ணோடு குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தால், இவள் போனில் அவரோடு சிரித்துக்கொண்டிருப்பாள். என்னைக் கண்டதும், "அப்புறம் பேசறேன் சார்" என்று வைத்துவிடுவாள். ஏன் வைக்கணும்? நான் என்ன புலியா? வயிறு எரியும் எனக்கு.

"தெனம் அப்படி என்னா பேசிகினு இருக்க?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை லைப்ரரில சார் பேசறாருங்க. பிரபஞ்சம் எப்படி உண்டாச்சுன்னு."

"அது உண்டாகி எவ்ளோ காலம் ஆச்சு! இப்ப என்னா அவசரம்?"

டீ போடப் போய்விட்டாள். டீயில் சர்க்கரை குறைச்சல் என்று அதற்கும் ஒரு கத்தல் கத்தினேன்.

இன்னொரு நாள் இவள், மகளின் பாவாடைக்கு வாங்கிய எலாஸ்டிக்கில் பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்து, இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் போன். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னோடு பேசும்போது அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. பாழாய்ப்போன சார்!

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். அவள் முன் வரிசையில், நான் கடைசியில். ஆரம்பத்தில் எல்லாமே தாங்க முடியாத சூடாக, நெருக்கியடித்துக்கொண்டு இருந்ததாம். விரிய விரிய ஆறியதாம். ஆறிய பிறகுதான் அணுக்கள், அதற்கும் வெகுகாலம் கழித்து நட்சத்திரங்கள். இதற்குப் பெயர் பெருவெடிப்பு என்றார் சார்.

வெடிப்பா! மைன்ஸில் என் வேலையே வெடி வைக்கும் பிரிவில்தான். வசமாக மாட்டினான் என்று எழுந்தேன்.

"சார், நாங்க வெடி வெச்சா சைரன் அடிப்போம், ஆளுங்கள ஒதுக்குவோம், அப்புறந்தான் வெடிப்போம். வெடின்னா அதுக்கு ஒரு எடம் வேணுமுங்க. உங்க வெடி எந்த எடத்துல வெச்சது?"

பாதிப் பேர் மைன்ஸ்காரர்கள், கொல்லென்று சிரித்தார்கள். சாரும் சிரித்தார். அதுதான் எரிச்சல்.

"நல்ல கேள்விங்க. பேருதான் வெடிப்பு. ஒரு எடத்துல வெடிச்சு வெளிய செதறினது இல்ல. எல்லா எடமும் அப்ப அதுக்குள்ளயே இருந்துச்சு, நாம உக்காந்திருக்கிற இந்த எடமும்தான். எடமே விரிஞ்சுது. இன்னும் விரியுது."

பையிலிருந்து எலாஸ்டிக்கை எடுத்து இழுத்தார். என் வீட்டு எலாஸ்டிக்!

"எந்தப் புள்ளில நின்னு பாத்தாலும் மத்த புள்ளியெல்லாம் தள்ளிப் போற மாதிரிதான் தெரியும். நடுன்னு ஒண்ணு கெடையாது. உண்மையச் சொல்லணும்னா, இந்த யோசனை என்னோடது இல்லைங்க. பேச்சு மொத்தமும் மேடம் தயார் பண்ணது. போன்ல தெனம் எனக்குத்தான் பாடம் எடுத்தாங்க. நீங்களே பேசுங்கன்னா, மேடையெல்லாம் வேணாம்னுட்டாங்க. மேடம், மிச்சத்த நீங்களே வந்து சொல்லுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் எழுந்தாள். எழுந்தவள் மேடைக்குப் போகாமல் பின்னால் திரும்பி, அத்தனை பேருக்கு நடுவில் என்னைத் தேடினாள். போகட்டுமா என்று கேட்கிற பார்வை. கைதட்டல் ஓய்ந்து, ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பும்வரை அவள் அப்படியே நின்றாள்.